பெரியம்மாவின் சாவுக்கு வந்த சீனி

கண்ணாடி துடைப்பதில் கண்டியில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நான் சொன்னால் அது தற்பெருமைதான், ஆனால் பொய் இல்லை. இந்தக் கதையில் நான் சொன்ன ஒரு பெரிய பொய்யும் வரப்போகிறது. அதனால் எது பொய், எது பொய் இல்லை என்று முதலிலேயே பிரித்து வைத்துவிடுகிறேன்.

எங்கள் வீடு மஹய்யாவயில், டவுனைத் துப்புரவு செய்யும் ஆட்களுக்கென்று கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. சந்திக் கடையில் இருந்து நாற்பத்திரண்டு படி ஏற வேண்டும். வீட்டில் நான், ஆட்டோ ஓட்டும் என் வீட்டுக்காரர், என் அம்மாவின் அக்காவான பெரியம்மா என்று மூன்று பேர். பெரியம்மா முப்பது வருடம் கண்டித் தெருக்களைக் கூட்டியவர். இன்றைக்கும் டவுனுக்குப் போனால் எந்தக் கடைக்காரன் குப்பையைச் சாக்கடையில் தள்ளுவான், எவன் ஒழுங்காகக் கட்டி வைப்பான் என்று கடை கடையாகச் சொல்லுவார். வாய் நீளம். காது அதைவிட நீளம்.

நான் முதலில் டவுனில் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்துகொண்டிருந்தேன். ரப்பர் வைப்பரை மேலிருந்து கீழே கோடு விழாமல் ஒரே இழுப்பில் இழுக்க அங்கேதான் பழகினேன். மற்றப் பெண்களுக்குக் கண்ணாடி வேலை என்றால் வெறுப்பு, எனக்கு அதுதான் பிடித்தது. தரையைக் கூட்டினால் அடுத்த நிமிடம் ஒருவர் செருப்போடு நடந்து போவார். துடைத்த கண்ணாடியில் யாரும் நடப்பதில்லை. ஏழு வருடங்களுக்கு முன் ஆட்டோவின் கூரையில் ஓர் ஏணியைக் கட்டி, பின் ஆசனத்தில் வாளிகளை வைத்து, சொந்தமாகத் தொடங்கிவிட்டேன்.

முதல் வாடிக்கை திகனையில் ஒரு டீச்சர் வீடு. ஓய்வு பெற்ற முஸ்லிம் டீச்சர். வெளிநாட்டில் இருக்கும் மகன் மேல்மாடி முழுவதையும் கண்ணாடியாகக் கட்டிக் கொடுத்திருந்தார். யார் துடைத்தாலும் காய்ந்த பிறகு கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளி விழுகிறது என்று டீச்சருக்கு மனவேதனை. எனக்கு முன் வந்த மூன்று பேரைச் சோம்பேறி என்று அனுப்பிவிட்டிருந்தார். நான் அவர் வீட்டில் தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தலைத் திறந்து பார்த்தேன். உள்ளே சுண்ணாம்பு ஓடு கட்டியிருந்தது. அந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் அப்படித்தான். மறுநாள் எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரை இரண்டு கேனில் நிரப்பிக்கொண்டு போய், கொஞ்சம் வினாகிரி கலந்து துடைத்தேன். காய்ந்த பிறகு ஒரு புள்ளி இல்லை. டீச்சர் கண்ணாடியில் முட்டிக்கொள்ளப் போனார். கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அந்த ஒரு வீட்டில் இருந்து அதே ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவிலேயே, இன்னும் நான்கு வீடு கிடைத்தது. நான் ஒரு கணக்குப் போட்டேன். திங்கள் டவுன், செவ்வாய் திகன, புதனும் வியாழனும் பேராதனைப் பக்கம் என்று கிழமைகளை ஊர்களுக்குப் பிரித்துக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை டீச்சருடைய கிழமை. அடை மழை தவிர வேறு எதற்கும் அந்தக் கிழமையைத் தொட்டதில்லை. என் தம்பி மகளுக்குச் சடங்கு வைத்த நாள் செவ்வாய், அன்றைக்கும் நான் திகனையில் ஏணியில்தான் நின்றேன். தம்பி பெண்சாதி ஆறு மாதம் என்னோடு பேசவில்லை.

போன வருடம் குண்டசாலையில் ஒரு நாலு மாடிக் கட்டடம் எழும்பியது. வீதிப்பக்கம் முழுவதும் கண்ணாடி. ஆட்டோவில் கடக்கும்போதெல்லாம் நான் எட்டிப் பார்ப்பேன், மற்றப் பெண்கள் நகைக்கடையைப் பார்ப்பதைப் போல. ஒருநாள் அங்கிருந்தே அழைப்பு வந்தது. மனேஜர் ஒரு சிங்கள மாத்தயா. அவர்களுக்கும் அதே புள்ளிப் பிரச்சினைதான், கட்டடத்துக் குழாய்க்கிணற்றுத் தண்ணீர். கேன் தண்ணீரோடு வரும் மஹய்யாவப் பெண்ணைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். புதன்கிழமைகளில் முதலாளி கொழும்பில் இருந்து வருவாராம். அதனால் செவ்வாய்க்கிழமைதான் துடைக்க வேண்டும், வேறு கிழமை வேண்டாம். நாலு செவ்வாய் பார்ப்போம், பிடித்திருந்தால் வருடம் முழுவதும் உங்களுக்குத்தான் என்றார்.

அந்தக் கட்டடம் நிலையாகக் கிடைத்தால் எங்கள் லைனில் இன்னும் இரண்டு பெண்களுக்கு வேலை கொடுக்கலாம். ஆட்டோவுக்குப் பதில் ஒரு சின்ன லொறி பார்க்கலாம். ஆனால் திகன ஒழுங்கையின் ஐந்து வீடும் போய்விட்டால், ஏழு வருடம் என்னை நிமிர்த்தி வைத்த ஆட்களை நானே தள்ளிவிட்டதாக ஆகும். இரண்டும் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆசைப்பட்டதில் தப்பில்லை. டீச்சருக்கு ஒரு போன் எடுத்து, 'நாலு கிழமைக்கு வேறு நாளில் வரட்டுமா' என்று கேட்டிருக்கலாம். அந்த ஒரு கேள்வியை என் வாய் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். கூப்பிட்டால் போக வேண்டும், முடியாது என்று சொல்லக் கூடாது என்ற பழக்கத்தில் வளர்ந்த ஆட்கள் நாங்கள். முடியாது என்று சொன்னால் அடுத்த நாள் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்கும். பெரிய இடம் கிடைத்ததும் நம்மைக் கைவிட்டுவிட்டாள் என்று டீச்சர் நினைத்துவிடுவாரோ என்று பயந்தேன். அந்தப் பயத்தில் பொய் சொன்னேன்.

முதல் செவ்வாய், மஹய்யாவயில் மழை என்றேன். "இங்க நல்ல வெயில் தங்கச்சி" என்றார் டீச்சர். இங்கே கொட்டுகிறது என்றேன். இரண்டாவது செவ்வாய் ஆட்டோ பழுது. என் வீட்டுக்காரர் அதைக் கேட்டு, வண்டிக்கு அபசகுனம் என்று அன்று முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். மூன்றாவது செவ்வாய் எனக்குக் காய்ச்சல். டீச்சர் போனில் கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொன்னார். எனக்கு அன்றைக்கே கொஞ்சம் உறுத்தியது.

நான்காவது செவ்வாய். மூன்றாம் மாடி பல்கனியில் ஏணி போட்டு நின்றுகொண்டிருந்தேன். போன் அடித்தது. ஒரு கையில் வைப்பர், மறு கையில் போன்.

"என்ன தங்கச்சி, இண்டைக்கும் வரல்லயா?"

மழை, வண்டி, காய்ச்சல் எல்லாம் தீர்ந்துவிட்டது. கீழே வாசலில் மனேஜர் மாத்தயா அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"பெரியம்மா தவறிட்டாங்க டீச்சர்."

என் வாயில் இருந்துதான் வந்தது. "இன்னாலில்லாஹி" என்றார் டீச்சர், பிறகு குரலை இறக்கி, "எப்ப?" என்று கேட்டார்.

"விடியக்காலைல."

"அடக்கம்?"

"நாளைக்கி."

போனை வைத்துவிட்டு வைப்பரை மறுபடி மேலிருந்து இழுத்தேன். கண்ணாடியில் ஒரு கோடு விழவில்லை. பதினொன்றரைக்கு மனேஜர் மாத்தயா நாலு மாடியும் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். வருடம் முழுவதும் உங்களுக்குத்தான் என்றார். என் வீட்டுக்காரர் ஆட்டோவிலேயே பாட்டுப் பாடினார். நான் வீட்டுக்கு வந்தபோது பெரியம்மா இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டிருந்தார். அவர் தட்டில் ஒரு கருவாட்டுத் துண்டைக் கூடுதலாக வைத்தேன்.

"என்னாடி, இன்னைக்கு ரொம்ப கரிசனமா இருக்க" என்றார்.

நான் செய்த தப்பு எங்கள் ஊர் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. காய்ச்சல் என்று சொன்னால் ஆள் வராது. வண்டி பழுது என்றாலும் வராது. சாவு என்று சொன்னால் வந்துவிடும். அழைப்பு வேண்டியதில்லை, காதில் விழுந்தால் போதும். கையில் சீனி, தேயிலை, பிஸ்கட்டோடு வரும். நானே எத்தனை சாவு வீட்டுக்கு அப்படிச் சீனிப் பையோடு போயிருக்கிறேன். அப்படி இருந்தும் அன்றைக்கு அது எனக்குத் தோன்றவில்லை. தோன்றாததற்கு ஒரு காரணம் இருந்தது. ஏழு வருடத்தில் என் வாடிக்கைக்காரர் ஒருவரும் எங்கள் படி ஏறியதில்லை. மஹய்யாவ என்று சொன்னதும் சிலருடைய முகத்தில் சின்னதாக ஒரு மாற்றம் வரும். கண்ணாடி துடைக்கிறவளுக்கு முகம் வாசிக்கத் தெரியும். நான் அவர்கள் வீட்டுக்குப் போவேன், அவர்கள் என் வீட்டுக்கு வரமாட்டார்கள் என்பதை நான் ஒரு விதியாகவே எடுத்து வைத்திருந்தேன்.

புதன்கிழமை ஒன்றரை மணிக்குப் பேராதனையில் இருந்து திரும்பினோம். சந்தியில் ஒரு வெள்ளை வேன் நின்றது. சந்திக் கடை பகலிலேயே பூட்டியிருந்தது. அந்தக் கடை பகலில் பூட்டி நான் பார்த்ததில்லை. நாற்பத்திரண்டு படியையும் ஓடியே ஏறினேன்.

எங்கள் வாசலில் பத்துப் பன்னிரண்டு சோடிச் செருப்பு. உள்ளே டீச்சரும் ஒழுங்கையின் மற்ற நான்கு வீட்டுப் பெண்களும் தலையை மூடிக்கொண்டு, கையில் பைகளோடு நின்றார்கள். பக்கத்தில் சந்திக் கடைக்காரர். என் பெரியம்மாவின் சாவு வீடு எது என்று இவர்கள் அவரிடம் விசாரித்திருக்கிறார்கள். நேற்றுப் பின்னேரம் வெற்றிலை வாங்கிப் போன ஆளா என்று அவர் பதறி, கடையைப் பூட்டிவிட்டு இவர்களுக்கு முன்னால் ஏறியிருக்கிறார். அவர் ஏறுவதைப் பார்த்து அக்கம்பக்கம் ஏறியிருக்கிறது. நடுவில் பிளாஸ்டிக் கதிரையில் பெரியம்மா. மடியில் சுளகு, சுளகில் முருங்கைக்கீரை.

"யாரு செத்ததுன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறீங்களே" என்று பெரியம்மா கேட்டுக்கொண்டிருந்தார். "எந்த வீடுன்னு சொன்னா நானும் சேலைய மாத்திட்டு வருவேன்ல."

கடைக்காரர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். "நீங்கதான்னு சொல்றாங்க."

பெரியம்மா கீரையை உருவுவதை நிறுத்தினார். டீச்சர் அப்போது என்னைக் கண்டுவிட்டார். எல்லோரும் திரும்பினார்கள். நாலு மாடி ஏணியில் நின்றபோது வராத தலைச்சுற்று எனக்கு என் சொந்த வாசலில் வந்தது.

"நான்தான் டீச்சர் சொன்னேன். பொய்" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கட்டடம், நாலு செவ்வாய், மழை, ஆட்டோ, காய்ச்சல். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. எனக்குச் சும்மா அழுகை வராது, வெட்கத்தில்தான் வரும்.

டீச்சர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்க உண்மையச் சொல்லீக்கலாம் தானே தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். கையில் இருந்த பையை ஓரமாக வைத்துவிட்டு வாசலைப் பார்த்துத் திரும்பினார். மற்ற நான்கு பேரும் தங்கள் பைகளை அதன் பக்கத்தில் வைத்தார்கள். சாவு வீட்டுக்கென்று எடுத்து வந்ததைத் திருப்பிக் கொண்டுபோக யாருக்கும் மனம் வராது. உயிரோடு இருக்கிற மனுஷியின் காலடியில் ஐந்து பை. என் ஐந்து வீடும் போய்விட்டது என்று அந்த நேரத்தில் முடிவு செய்துவிட்டேன்.

"நில்லுங்கம்மா" என்றார் பெரியம்மா.

அவர் சுளகைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். ஒரு பையைத் திறந்து பார்த்தார். சீனி. அடுத்ததைத் திறந்தார். அதிலும் சீனி, மேலே தேயிலைப் பக்கெட்.

"என் சாவுக்கு இவ்வளவு சீனி வரும்னு நான் நெனச்சதே இல்ல. நெசமா செத்தா இத நான் பாக்கவா போறேன். இருங்க, ஒரு வா தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகணும். என் சாவுக்கு வந்துட்டு வெறும் வயித்தோட போகக் கூடாது." பிறகு என் பக்கம் திரும்பி, "நீ ஏன்டி மரமாட்டம் நிக்கிற, கேத்தல வை" என்றார்.

கடைக்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு டீச்சரோடு வந்த, அதே ஒழுங்கையின் பேக்கரிக்காரர் வீட்டுப் பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது. டீச்சர் சிரிக்கவில்லை. ஆனால் திரும்பி வந்து கதிரையில் உட்கார்ந்தார். செத்தவளே உபசரிக்கும்போது மறுத்துப் பேச அவருக்கும் வழி தெரியவில்லை போலிருக்கிறது.

கேத்தலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தபோது என் கண் கோப்பைகளில் இருந்தது. எங்கள் வீட்டுக் கோப்பையை இவர்கள் தொடுவார்களா, தொட்டுவிட்டு அப்படியே வைப்பார்களா. ஆறு பேருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டீச்சர் ஒரு வாய் குடித்தார். "உங்கட தண்ணி நல்ல தண்ணி" என்றார், மிச்சத்தையும் குடித்தார். மற்றவர்களும் குடித்தார்கள். ஒருவர் இரண்டாம் கோப்பை கேட்டார். நான் அடுப்படிக்குள் போய், சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். ஏழு வருட வேலைக்கு அன்றைக்குத்தான் எனக்குப் பதில் கிடைத்த மாதிரி இருந்தது. சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான்.

வெளியே பெரியம்மா விசாரணையைத் தொடங்கிவிட்டிருந்தார். "எல்லாருக்கும் செவ்வாக்கிழமதான் வேணும்னு இவ ஒத்தக்கால்ல நின்னா. அப்படி என்னம்மா செவ்வாக்கிழமைல இருக்கு?"

டீச்சர் கோப்பையைக் கீழே வைத்தார். "செவ்வாக்கிழம எனக்கு கரைச்சல்" என்றார். "காலைல புள்ளைகளுக்கு கிளாஸ் எடுக்கிறது. தங்கச்சி வார நாளெண்டுதான் பின்னேரத்துக்கு மாத்தினேன். ஏழு வருஷமா மாத்தித்தான் வெச்சீக்கிறேன். எனக்கு வசதி சனிக்கிழம."

பேக்கரிக்காரர் வீட்டுப் பெண், ஒவ்வொரு கிழமையும் துடைக்க அவர் வீட்டில் என்ன இருக்கிறது, இரண்டு கிழமைக்கு ஒருதரம் போதும், சொன்னால் நான் கோபித்துக்கொள்வேனோ என்று சும்மா இருந்ததாகச் சொன்னார். இன்னொருவருக்கு மாதம் ஒன்று போதும், ஆனால் பெருநாளுக்கு முதல் நாள் கட்டாயம் வர வேண்டும். எனக்காக அவர்கள் வாயை மூடி இருந்திருக்கிறார்கள். அவர்களுக்காக நான் என் தம்பி மகள் சடங்கை விட்டிருக்கிறேன். ஏழு வருடம் இரண்டு பக்கமும் மரியாதை பார்த்து ஒரு செவ்வாய்க்கிழமையைத் தூக்கிச் சுமந்திருக்கிறோம். பெரியம்மா ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஆறுவதற்குள் அதை இறக்கி வைத்துவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை பயந்துகொண்டேதான் திகனைக்குப் போனேன். ஆட்கள் நம் வீட்டில் வைத்து ஒன்று சொல்லுவார்கள், தங்கள் வாசலில் வேறொன்று சொல்லுவார்கள். ஆனால் டீச்சர் வீட்டுக் கேற் திறந்தே இருந்தது. "பெரியம்மாவ கூட்டிட்டு வரல்லயா?" என்றுதான் முதல் கேள்வி. நாலு கிழமை தூசி படிந்த கண்ணாடி. என் வாழ்நாளில் அவ்வளவு ஆசையாக ஒரு கண்ணாடியைத் துடைத்ததில்லை.

இரண்டு மாதம் கழித்து மனேஜர் மாத்தயா ஒரு வெள்ளிக்கிழமை அழைத்தார். நாளைக்கு ஒரு பெரிய ஆள் வருகிறார், காலையில் வந்து துடைத்துவிட்டுப் போங்கள் என்றார். சனிக்கிழமை. நான் மூச்சை இழுத்து, சிங்களத்தில் "பே மாத்தயா" என்றேன். முடியாது என்று அர்த்தம். சனிக்கிழமை என் பழைய ஆட்களுடையது என்றும் சொன்னேன். அப்படியானால் வேறு ஆளைப் பார்க்கவா என்றார். பாருங்கள் என்றேன். போனை வைத்துவிட்டு, சனிக்கிழமைக்கு வேண்டிய கேன்களை நிரப்பப் போனேன்.

அவர் வேறு ஆட்களைத்தான் பிடித்தார். அவர்கள் கட்டடத்துக் குழாயையே திறந்து துடைத்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை நான் போனபோது நாலு மாடியும் அம்மை போட்ட மாதிரி வெள்ளைப் புள்ளி. மனேஜர் மாத்தயா சேட் கையை மடித்துக்கொண்டு என் தண்ணீர்க் கேன் ஒன்றைத் தானே தூக்கி மூன்றாம் மாடிக்கு ஏறினார். பின்னால் ஏறிய எனக்கும், புதிதாகச் சேர்ந்திருந்த இரண்டு பெண்களுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இப்போது போன் பெரியம்மா கையில். புதிதாக ஆள் கேட்டால் அவர்தான் பதில் சொல்லுகிறார். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படிப் பேசிக்கொண்டிருந்தார். "இந்தக் கெழம வர முடியாதுங்க. இல்ல, மழ இல்ல. யாரும் சாகவும் இல்ல. வேற வீட்டுக்கு வாக்கு குடுத்திருக்கோம். அடுத்த வியாழக்கெழம வருவாங்க, நிச்சயமா வருவாங்க."

பேசி முடித்து நிமிர்ந்தபோது வாசலில் டீச்சர் நின்றார். மார்க்கட்டுக்கு வந்தவர் நாற்பத்திரண்டு படியும் ஏறி வந்து, மூச்சு வாங்க, பையில் இருந்து ஒரு கிலோச் சீனியை எடுத்து பெரியம்மாவின் மடியில் வைத்தார்.

"இது எதுக்கும்மா?" என்றார் பெரியம்மா. "மறுபடியும் சொல்லிட்டாளா?"

"இல்ல" என்றார் டீச்சர், கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு. "இது தேத்தண்ணிக்கி."

நான் கேத்தலை அடுப்பில் வைத்தேன்.